மொட்டை மாடியில ஸ்ப்ரே பெயிண்ட்: 12,000 ரூபாயை எந்த வரிசையில செலவு பண்றது?

[எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.]

போன எபிசோட்ல எங்க வீட்டுப் பழைய டேபிள் ஃபேனைப் பிரிச்சு, புஷ் மாத்தி ஓட வச்ச கதையைச் சொன்னேன்ல, அதோட மிச்சம் இது. ஃபேன் ஓடுது. பார்க்கத்தான் சகிக்கல. முன்னாடி இருக்கிற கம்பிக்கூடு முழுக்க துரு. அதுக்கு பிரஷ்ல பெயிண்ட் அடிச்சுப் பாருங்க, ஒவ்வொரு கம்பிக்கும் கீழ ஒரு சொட்டு தொங்கும். அதனால ஸ்ப்ரேதான்னு முடிவு பண்ணேன்.

இதைக் குரூப்ல சொன்னதும் வந்த முதல் கேள்வி, "எந்த கன் வாங்கினே?" எல்லாரும் அங்கதான் ஆரம்பிக்கிறோம். நானும் அங்கதான் ஆரம்பிச்சேன். இன்னிக்கு நான் சொல்லப்போற வரிசையில கன் கடைசியில வரும். அது ஏன்னு புரியணும்னா ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் நடந்ததை முதல்ல சொல்லணும்.

அந்த வெள்ளிக்கிழமை

எங்க வீடு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. தெருவுல எந்நேரமும் புழுதி. ஈரப் பெயிண்ட்ல புழுதி ஒட்டிட்டா வேலை பாழ். அதனால மாடியில இருக்கிற பத்துக்குப் பத்து ரூமுக்குள்ள போய் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திக்கிட்டேன். மூக்குல என்95 மாஸ்க், அதுக்கு மேல ஒரு கர்ச்சீஃப். கோவிட் காலத்துல வாங்கின மாஸ்க் மிச்சம் இருந்துச்சு, போதும்னு நினைச்சேன்.

என்.சி. பெயிண்ட், என்.சி. தின்னர். ரெண்டு கோட் அடிச்சேன். நெயில் பாலிஷ் வாசனை முதல்ல தூக்கலா இருந்துச்சு, அப்புறம் தெரியவே இல்ல. மூக்கு மரத்துப் போனதை, வாசனை குறைஞ்சிடுச்சுன்னு நானே எடுத்துக்கிட்டேன். மூணாவது கோட் ஆரம்பிக்கும்போது தலை லேசா சுத்துச்சு. அப்பதான் படியில கொலுசுச் சத்தம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அம்மா சாம்பிராணி போடுவாங்க. தூபக்கால்ல கங்கு எடுத்துக்கிட்டு ஒவ்வொரு ரூமாக் காட்டிட்டு, கடைசியா மாடி ரூமுக்கு வருவாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் நெருப்பு. இந்தப் பக்கம் நான், திறந்த தின்னர் டின், ரூம் முழுக்க ஆவி.

"அம்மா, வராதீங்க, கீழ போங்க"ன்னு கத்தினேன். பயந்துபோய் அவங்க இன்னும் வேகமா ரெண்டு படி ஏறிட்டாங்க. ஜன்னல் வழியா கையைக் காட்டி நிறுத்த வேண்டியதாப் போச்சு. ஒண்ணும் ஆகல. அவங்க இறங்கிப் போனதும் நான் வெளிய வந்து தண்ணித் தொட்டி பக்கத்துல உட்கார்ந்துட்டேன். அரை மணி நேரம் எந்திரிக்கல.

அப்புறம் போட்ட கணக்கு

ராத்திரி ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன். பத்துக்குப் பத்து ரூம், பத்தடி உயரம். ஆயிரம் கன அடி, அதாவது சுமார் 28,000 லிட்டர் காத்து. தின்னர் பல கரைப்பான்களோட கலவை. கணக்குக்காக அதுல பரவலா இருக்கிற டொலுயீனை மட்டும் எடுத்துக்குவோம். காத்துல டொலுயீன் ஆவி ஏறக்குறைய 1.1 சதவீதம் இருந்தாலே தீப்பிடிக்கும். அந்த ரூமுக்கு அது எவ்வளவு திரவம்னு திருப்பிக் கணக்குப் போட்டா, 1.3 லிட்டர். கடையில வாங்குற ஒரு லிட்டர் டின்னை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

நான் அன்னிக்கு எடுத்தது அரை லிட்டர். அப்ப தப்பிச்சேன்னு சொல்லலாமா? முழுசாச் சொல்ல முடியாது. அந்தக் கணக்கு ஆவி ரூம் முழுக்கச் சமமாப் பரவியிருந்தாத்தான் பொருந்தும். டொலுயீன் ஆவி காத்தை விட மூணு மடங்கு கனம். அது தரையில தேங்கும், கதவிடுக்குல வழிஞ்சு படியில இறங்கும். அதாவது, தூபக்கால் ஏறி வந்த அதே படியில.

மூச்சு விஷயத்துல நிலைமை இன்னும் மோசம். டொலுயீனுக்கு, உயிருக்கே ஆபத்துன்னு அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வச்சிருக்கிற அளவு 500 பி.பி.எம். நான் ஊத்தின அரை லிட்டர்ல கால்வாசி ஆவியாகியிருந்தாலே அந்த ரூம்ல 1,000 பி.பி.எம். தாண்டியிருக்கும். தலை சுத்தினது பசியால இல்ல.

என்95 என்ன பண்ணுச்சு? பெயிண்ட் துளிகளை ஓரளவு பிடிச்சிருக்கும். ஆவியைத் துளிகூட பிடிச்சிருக்காது. அது துகளுக்கான வடிகட்டி. டீ வடிகட்டி இலையை நிறுத்தும், டீயை நிறுத்தாது, அவ்வளவுதான்.

இதுல இருந்து வர்ற முதல் விதிக்குச் செலவு 0 ரூபாய்: கரைப்பான் பெயிண்டை மூடின ரூம்ல அடிக்காதீங்க. மொட்டை மாடியில, திறந்த வெளியில, நிழல்ல அடிங்க. காலையில 7 மணியில இருந்து 9 மணிக்குள்ள காத்தும் கம்மி, புழுதியும் கம்மி. புழுதிக்கு இன்னொரு வழி, பெரிய அட்டைப்பெட்டி ஒண்ணைப் பக்கவாட்டுல படுக்க வச்சு அதுக்குள்ள பொருளை வைக்கிறது. தரையைத் தண்ணி தெளிச்சு வச்சுக்கங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து மாடியை ஒரு தடவை எட்டிப் பாருங்க. வடகம் காயுதா, துணி காயுதா, கீழ யாராவது பைக் நிறுத்தியிருக்காங்களான்னு பாருங்க. பெயிண்ட் தூசி நாம நினைக்கிறதை விட ரொம்ப தூரம் போகும்.

வீட்டுல இருக்கிற எல்லார்கிட்டயும், "இத்தனை மணியில இருந்து இத்தனை மணி வரைக்கும் மாடிக்கு விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் வேண்டாம்"னு முன்கூட்டியே சொல்லிடுங்க. இந்த ஒரு வரியை நான் சொல்லாமப் போனதுதான் அன்னிக்கு நடந்த தப்பு.

ரூம்லதான் அடிச்சாகணும், எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக்கலாமான்னு கேட்பீங்க. சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன்ல ஆவி மோட்டார் வழியாத்தான் வெளிய போகும். மோட்டார்லயோ சுவிட்ச்லயோ ஒரு பொறி வந்தா போதும். தொழில்முறை பூத்ல அதுக்குன்னே பொறி வராத ஃபேன் வைக்கிறாங்க, அது நம்ம பட்ஜெட்ல வராது. தண்ணியில கரையுற பெயிண்டுக்கு எக்ஸாஸ்ட் ஓகே. தின்னர் பெயிண்டுக்கு மாடிதான்.

தொண்டைக்காகப் பிறந்த கருவி

இந்த கன் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினப்ப ஒரு விஷயம் கிடைச்சுது. அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலம், டொலீடோ நகரம். அங்க ஆலன் டிவில்பிஸ்னு ஒரு டாக்டர். நோயாளிகளோட தொண்டைக்குள்ள மருந்தைத் துளித்துளியாச் செலுத்த ஒரு கருவி பண்ணினார். 1888-ல கம்பெனி ஆரம்பிச்சார். அவரோட மகன் தாமஸ் 1907 வாக்குல அதே தத்துவத்தைப் பெயிண்டுக்கு மாத்தினார். அப்படித்தான் பெயிண்ட் ஸ்ப்ரே கன் வந்துச்சு. டிவில்பிஸ்ங்கிற பேர்ல இன்னிக்கும் கன் விக்குது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு திரவத்தை மூச்சோட உள்ள போற அளவுக்குப் பொடியாக்குறதுதான் இந்தக் கருவியோட முதல் வேலையே. நாம மருந்துக்குப் பதிலா பெயிண்டை ஊத்துறோம். 10 மைக்ரானுக்குக் கீழ இருக்கிற துளிகள் மூக்கைத் தாண்டிப் போகும். அதுலயும் ரொம்பப் பொடியானது நுரையீரலோட அடி வரைக்கும் போகும்.

முதல் செலவு: மாஸ்க், 2,000 ரூபாய்

எனக்கு இதையெல்லாம் கத்துக்கொடுத்தவர் மேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில பெயிண்டரா இருக்கிற ஒரு அண்ணன். 25 வருஷமா கார், வேன்னு அடிக்கிறார். அந்த 25 வருஷமும் மூக்குல கர்ச்சீஃப்தான். இப்ப சட்டைப் பையில இன்ஹேலர். நான் கன்னைப் பத்திக் கேட்கப் போனேன். அவர் சொன்னது: "தம்பி, கன்னு மட்டமா இருந்தா தேய்ச்சுட்டு மறுபடி அடிச்சுக்கலாம். இங்க தேய்ச்சு அடிக்க முடியாது." நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

வாங்க வேண்டியது அரை முகத்தை மூடுற ரப்பர் மாஸ்க். ரெண்டு பக்கமும் கார்ட்ரிட்ஜ் மாட்டுற மாதிரி இருக்கும். கார்ட்ரிட்ஜ் "ஆர்கானிக் வேப்பர்" வகையா இருக்கணும், அதுக்குள்ள இருக்கிற கரிதான் ஆவியைப் பிடிக்கும். அதுக்கு முன்னாடி துளிகளைப் பிடிக்க ஒரு ப்ரீ-ஃபில்டர். நம்ம ஊர் சேஃப்டி கடைகள்ல சாதாரணமாக் கிடைக்கிற ஜோடி 3எம் 6200 மாஸ்க், 6001 கார்ட்ரிட்ஜ். அதுமேல 5என்11 ஃபில்டர், அதைப் பிடிக்க 501 மூடி. எல்லாம் சேர்த்து எனக்கு 2,000 ரூபாய் பக்கம் ஆச்சு.

மூணு விஷயம் ஞாபகம் வச்சுக்கங்க. ஒண்ணு, தாடி இருந்தா மாஸ்க் முகத்துல ஒட்டாது. நான் பெயிண்ட் நாளுக்காகவே ஷேவ் பண்றேன். ரெண்டு, வேலை முடிஞ்சதும் கார்ட்ரிட்ஜைக் காத்துப் புகாத கவர்ல போட்டு மூடி வைங்க. சும்மா வெளிய தொங்கினாலும் கரி ஆவியை இழுத்துக்கிட்டே இருக்கும். மாஸ்க் போட்டிருக்கும்போதே வாசனை வந்தா கார்ட்ரிட்ஜ் முடிஞ்சுதுன்னு அர்த்தம். மூணு, மாஸ்க் இருக்குன்னு மறுபடி ரூமுக்குள்ள போகாதீங்க. மாஸ்க் உங்க மூச்சைத்தான் பார்த்துக்கும், நெருப்பைப் பார்த்துக்காது.

இதோட நைட்ரைல் கையுறை, ஒரு கண்ணாடி. 400 ரூபாய்.

வீட்டுல வேண்டவே வேண்டாம்: 2கே பெயிண்ட்

கார் பெயிண்ட் கடைக்குப் போனா, "2கே அடிங்க தம்பி, பளபளன்னு இருக்கும்"னு சொல்வாங்க. பொய் இல்ல. பெயிண்டோட ஒரு ஹார்ட்னரைக் கலக்குறாங்க, ரெண்டும் சேர்ந்து இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகும். அந்த ஹார்ட்னர்ல இருக்கிறது ஐசோசயனேட்.

இந்தப் பேரை எங்கயோ கேட்டிருப்பீங்க. 1984 டிசம்பர் 2 ராத்திரி போபால்ல கசிஞ்சது மெத்தில் ஐசோசயனேட். பெயிண்ட்ல இருக்கிறது அது இல்ல, அதே குடும்பத்தோட இன்னொரு ஆள். இது அவ்வளவு சுலபமா ஆவியாகாது. ஆனா ஸ்ப்ரே பண்றப்ப நாமே அதைத் துளியாக்கிக் காத்துல மிதக்க விடுறோம். வேலையால வர்ற ஆஸ்துமாவுக்கு முக்கியமான காரணங்கள்ல இது ஒண்ணு. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமை வந்துட்டா, அப்புறம் ரொம்பக் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். ஆபத்தான அளவுல இருக்கும்போது வாசனை வந்து எச்சரிக்கும்னு நம்பவும் முடியாது. அதனால "வாசனை வந்தா கார்ட்ரிட்ஜ் மாத்தணும்"ங்கிற விதி இதுகிட்ட செல்லாது. இதை அடிக்கிறவங்களுக்கு வெளியில இருந்து குழாய் வழியா சுத்தமான காத்து தர்ற மாஸ்க் வேணும்.

நம்ம ஃபேனுக்கு அது தேவையே இல்ல. என்.சி.யோ, எனாமலோ, தண்ணியில கரையுற அக்ரிலிக்கோ போதும். 2கே தான் வேணும்னா பொருளைப் பட்டறையில கொடுத்து அடிச்சுக்கங்க. நீங்க கொடுக்கப்போற பட்டறையில அடிக்கிறவர் என்ன மாஸ்க் போட்டிருக்கார்னும் ஒரு பார்வை பாருங்க.

கம்ப்ரஸர்: பி.எஸ்.ஐ.யைப் பார்க்காதீங்க

அதுக்கு முன்னாடி, கம்ப்ரஸர் வேணுமான்னு கேட்டுக்கங்க. வருஷத்துக்கு ரெண்டு மூணு சின்னப் பொருள்தான்னா, 300 ரூபாய் பக்கம் வர்ற 400 மில்லி ஸ்ப்ரே கேன் போதும். அதுல உந்துற வாயுவே தீப்பிடிக்கிறது, அதனால நெருப்பு விதி அதுக்கும் உண்டு. கேட், ஜன்னல் கம்பி, பலகைன்னா 2,000 ரூபாய் பக்கம் கிடைக்கிற கரண்ட் கன் இருக்கு. கையிலயே ஒரு சின்ன காத்தாடி, அதுவே காத்தையும் தரும். ஃபினிஷ் சுமார்தான், ஆனா வேகம். நல்ல ஃபினிஷ் வேணும், அடிக்கடி செய்வீங்கன்னா மட்டும் கம்ப்ரஸருக்கு வாங்க.

கடையில "8 பார், 115 பி.எஸ்.ஐ."ன்னு பெருசா ஒட்டியிருப்பாங்க. அது பிரச்சினையே இல்ல, நம்ம கன்னுக்கு 30 பி.எஸ்.ஐ. சுத்துவட்டாரம் போதும். கேட்க வேண்டியது நிமிஷத்துக்கு எவ்வளவு காத்து வரும்ங்கிறது, அதாவது சி.எஃப்.எம். தண்ணித் தொட்டியை நினைச்சுக்கங்க. தொட்டி எவ்வளவு உயரத்துல இருக்குங்கிறது பி.எஸ்.ஐ. மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை குடம் ஏத்துதுங்கிறது சி.எஃப்.எம். குழாயைத் திறந்தே வச்சிருந்தா, கடைசியில மோட்டார்தான் கணக்கு.

நம்ம வாங்குற 24 லிட்டர் கம்ப்ரஸரை எடுத்துக்குவோம். டேங்க் 8 பார்ல இருந்து 3 பாருக்கு இறங்குற வரைக்கும் கிடைக்கிற காத்து 24 பெருக்கல் 5, 120 லிட்டர். அதாவது 4 கன அடிக்குக் கொஞ்சம் மேல. கன் 4 சி.எஃப்.எம். கேட்குது, கம்ப்ரஸர் நிஜமா 3 தருதுன்னா, பற்றாக்குறை நிமிஷத்துக்கு 1. டேங்க் நாலு நிமிஷம் தாங்கும். ஃபேன் கூட்டுக்கு ஒரு கோட் அடிக்க ரெண்டு நிமிஷம். தாராளம். இதே கம்ப்ரஸரை வச்சு பீரோவுக்கு அடிச்சா பாதியில காத்து தொய்யும், பெயிண்ட் புள்ளி புள்ளியா விழும்.

"நிஜமா"ன்னு ஏன் அழுத்திச் சொன்னேன்னா, சில பெட்டியில போட்டிருக்கிறது பிஸ்டன் இழுக்கிற காத்தோட கணக்கு. வெளிய வர்றது அதுல மூணுல ரெண்டு பங்குதான் இருக்கும். "எஃப்.ஏ.டி. எவ்வளவு?"ன்னு கேளுங்க. வெளிய வர்ற காத்தைக் குறிக்கிறது அதுதான்.

இது 1.5 கிலோவாட் மோட்டார்னா ஓடும்போது 6, 7 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது அதைப்போல பல மடங்கு. 16 ஆம்பியர் பிளக்ல போடுங்க. ஃபோன் சார்ஜருக்கு வச்சிருக்கிற மெல்லிசு எக்ஸ்டென்ஷனை மாடி வரைக்கும் இழுக்காதீங்க. ஒயர் சூடாகும், மோட்டார் முனகும். கம்ப்ரஸரைப் பெயிண்ட் அடிக்கிற இடத்துல இருந்து தள்ளி, காத்து வர்ற திசையில வைங்க. சுவிட்ச் பொறி ஆவிகிட்ட வராது, கம்ப்ரஸர் பெயிண்ட் தூசியை இழுக்காது.

பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர்ல பண்ணலாமே, யூடியூப்ல பார்த்தேனேன்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. பண்ணலாம், சத்தமே வராது. ஆனா அது தர்ற காத்து ரொம்பக் கம்மி. பொம்மை, மினியேச்சர் அடிக்கிற ஏர்பிரஷ்ஷுக்குத்தான் சரிவரும். எண்ணெயும் துப்பும், அது பட்ட இடத்துல பெயிண்ட் ஒட்டாம மீன்கண் மாதிரி வட்டம் வட்டமா விலகும். புது ஃப்ரிட்ஜ்கள்ல இருக்கிற ஆர்600ஏ வாயு தீப்பிடிக்கும். அதனால குழாயை நீங்களே வெட்டாதீங்க, மெக்கானிக் எடுத்துக் கொடுக்கட்டும்.

டேங்குக்குப் பதிலா பழைய காஸ் சிலிண்டர்? வேண்டாம். அது காஸ் கம்பெனி சொத்து, உங்களோடது இல்ல. அதுல நாமே ஓட்டை போட்டு வெல்டு வைக்கிறது வெடிக்கக் காத்திருக்கிற வேலை. பி.வி.சி. பைப்பை ஏர் லைனா போடுறதும் கூடாது. தண்ணிக் குழாய் உடைஞ்சா ஒழுகும். காத்து அடைச்ச பி.வி.சி. உடைஞ்சா சில்லு சில்லாத் தெறிக்கும்.

எனக்குக் கம்ப்ரஸர் 7,000 ரூபாய், ஹோஸ் 500.

மதுரைக் காத்துல எவ்வளவு தண்ணி?

மதுரை வறண்ட ஊர்தானேன்னு நினைப்போம். ஐப்பசி, கார்த்திகையில வாங்க. 30 டிகிரி, 80 சதவீதம் ஈரப்பதம்னா ஒரு கன மீட்டர் காத்துல 24 கிராம் தண்ணி ஆவியா இருக்கு. 3 சி.எஃப்.எம். கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் விடாம ஓடினா சுமார் 5 கன மீட்டர் காத்தை இழுக்கும். மொத்தம் 120 கிராம் தண்ணி. அமுக்கின காத்தால அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது. சூடு ஆறினதும் ஏறக்குறைய 100 மில்லி, அதாவது ஒரு டீ கிளாஸ் தண்ணி டேங்க் அடியில நிக்கும். கொஞ்சம் ஹோஸ் வழியா உங்க பெயிண்ட்லயும் வரும்.

அதுக்குத்தான் வாட்டர் ட்ராப், ரெகுலேட்டரோட சேர்த்து 700 ரூபாய். அதைக் கம்ப்ரஸர் மேலயே மாட்டாதீங்க, அங்க காத்து இன்னும் சூடா இருக்கும். ஹோஸோட கடைசியில, காத்து ஆறின இடத்துல மாட்டினாத்தான் தண்ணி பிடிக்கும். வேலை முடிஞ்சதும் டேங்க் அடியில இருக்கிற திருகைத் திறந்து தண்ணியை இறக்குங்க. இல்லன்னா டேங்க் உள்பக்கமாத் துருப்பிடிக்கும், வெளியில தெரியவே தெரியாது.

இப்பதான் கன்: 1,200 ரூபாய்

மேல கப் வச்ச கன் வாங்குங்க. பெயிண்ட் தானா இறங்கும், கொஞ்சம் ஊத்தினாலும் கடைசிச் சொட்டு வரைக்கும் வரும். கீழ கப் வச்சதுல காத்துதான் பெயிண்டை உறிஞ்சி எடுக்கணும், அதுக்குக் காத்து நிறைய வேணும். ஃபேன், டிரங்குப் பெட்டி அளவுக்கு 0.8 முதல் 1.0 மில்லிமீட்டர் நாசில் உள்ள சின்ன கன் போதும். பிரைமருக்குக் கொஞ்சம் பெரிய நாசில்.

"எச்.வி.எல்.பி."ன்னு போட்டிருந்தா, நிறைய காத்து, கம்மி அழுத்தம்னு அர்த்தம். கன் வாய்ல அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல போகாது. துளி மெதுவாப் போறதால பெயிண்ட் பொருள் மேல அதிகமா ஒட்டும், காத்துல பறக்கிறது குறையும். பெயிண்டும் மிச்சம், மூச்சுக்கும் நல்லது. ஆனா பெரிய எச்.வி.எல்.பி. கன் கேட்கிற காத்தை நம்ம சின்ன கம்ப்ரஸரால கொடுக்க முடியாது. சின்ன சைஸ்தான் நமக்கு.

மொத்தம் கூட்டிப் பாருங்க: 2,000, 400, 7,000, 500, 700, 1,200. 11,800 ரூபாய். தலைப்புல சொன்ன 12,000 இதுதான்.

அடிக்கிறது எப்படி

முதல்ல பழைய பெயிண்டைத் தேய்க்கணும். இங்கயும் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பி.பி.எம்.முக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி நம்ம நாட்டுல 2017 நவம்பர் 1-ல இருந்துதான் நடைமுறையில இருக்கு. தொழிற்சாலைப் பெயிண்டுகளுக்கு அந்த விதி பொருந்தாது. உங்க தாத்தா வாங்கின ஃபேன்ல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அதனால உலர்வாத் தேய்க்காதீங்க. வாட்டர் பேப்பரைத் தண்ணியில நனைச்சுத் தேய்ங்க, சின்னப் பிள்ளைங்க பக்கத்துல இல்லாதப்ப.

அப்புறம் பிரைமர், அதுக்கு மேல பெயிண்ட். பெயிண்ட் பால் பதத்துல இருக்கணும். குச்சியை முக்கித் தூக்கினா அறுந்து சொட்டாம, ஒரே இழையா ஓடி அப்புறம் சொட்டணும். என்.சி.ன்னா பெரும்பாலும் பெயிண்டுக்குச் சரிபாதி தின்னர். பொருளுக்கும் கன்னுக்கும் ஒரு சாண் தூரம். கையை வில்லு மாதிரி வளைக்காம நேர்கோட்டுல கொண்டு போங்க. பொருளோட ஓரத்துக்கு முன்னாடியே டிரிகர், ஓரம் தாண்டினப்புறம் விடுங்க. ஒவ்வொரு வரியும் முந்தின வரியில பாதியை மூடணும். கோட்டுக்குக் கோட்டு பத்து நிமிஷம். முதல் கோட் திட்டுத் திட்டாத்தான் தெரியும். பதறி அதுமேலயே அடிச்சா வழியும்.

நல்ல ஃபினிஷ் எதுன்னு கண்ணுக்குப் பழகணும்னா ராத்திரி மாட்டுத்தாவணி ஸ்டாண்டுக்குப் போங்க. கரூர் பாடி பஸ்ஸோட பக்கவாட்டுல டியூப்லைட் விழுறதைப் பாருங்க. வெளிச்சம் நேர்கோடாத் தெரிஞ்சா அருமையான வேலை. ஆரஞ்சுத் தோல் மாதிரி நெளிஞ்சு தெரிஞ்சா, பெயிண்ட் கெட்டியா இருந்திருக்கும், இல்ல கன் தூரமாப் போயிருக்கும்.

நம்ம ஊர்ல ரெண்டு சீசன் பிரச்சினை உண்டு. சித்திரை வெயில்ல துளி பறக்கும்போதே காஞ்சு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு விழும். மழைக்காலத்துல என்.சி. வெள்ளை பூத்துப் போகும். தின்னர் வேகமா ஆவியாகி மேல்பரப்பைக் குளிர வைக்குது, காத்துல இருக்கிற ஈரம் அதுல பனி மாதிரி இறங்குது. ரெண்டுக்கும் மருந்து மெதுவா ஆவியாகிற தின்னர். அதை விட நல்ல மருந்து, மழை நாள்ல அடிக்காம இருக்கிறது.

தண்ணியில கரையுற பெயிண்ட் போதாதா?

நிறைய வேலைக்குப் போதும். நம்ம விளாச்சேரியில கொலு பொம்மை, விநாயகர் சிலை பண்றவங்களைப் பாருங்க. பெரிய சிலைக்கு அடிப்படை நிறத்தைக் கன்ல அடிச்சுட்டு, கண்ணையும் நகையையும் பிரஷ்ல எழுதுவாங்க. 3டி பிரிண்ட், மரம், மண் பொம்மைக்கு அக்ரிலிக்தான் என் முதல் சாய்ஸ். நெருப்புப் பயம் இல்ல, கன்னைத் தண்ணியிலயே கழுவலாம். துளி மட்டும் துளிதான், அதனால மாஸ்க் கழட்டக் கூடாது. இரும்புன்னா துருவைத் தடுக்கிற பிரைமர் கட்டாயம்.

மிச்சமான தின்னரைச் சாக்கடையில ஊத்தாதீங்க. மூடி வச்சா பெயிண்ட் அடியில படியும், மேல தெளிஞ்சதை அடுத்த தடவை கன் கழுவ எடுத்துக்கலாம்.

கடைசியா

ஃபேன் இப்ப ஆலிவ் பச்சையில ஹால்ல ஓடுது. கிட்டப் போய்ப் பார்த்தா கூட்டோட பின்பக்கம் ஒரு இடத்துல வழிஞ்சிருக்கு. அப்படியே விட்டுட்டேன்.

ஆலோசனை சொன்ன அண்ணனுக்கு அதே மாதிரி மாஸ்க் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். 2கே-க்கு இது பத்தாதுன்னும் சொன்னேன். "தெரியும் தம்பி, என்.சி. அடிக்கிறப்பவாவது போட்டுக்கிறேன்"னு வாங்கி, தன்கிட்ட வேலை பழகுற பையன் முகத்துல மாட்டி அளவு பார்த்தார். பையனுக்குச் சரியா இருந்துச்சு. அடுத்த வாரம் போனப்ப பையன் அதைப் போட்டுக்கிட்டுத்தான் அடிச்சுக்கிட்டு இருந்தான். அண்ணன் கர்ச்சீஃப்தான் கட்டியிருந்தார். நான் இன்னொண்ணு வாங்கணும்.

அடுத்த எபிசோட்ல அந்த ஃபேனோட வேக ரெகுலேட்டரைப் பிரிக்கப் போறோம். அதுவரைக்கும், ஜன்னலைத் திறந்து வைங்க.